நாயனக்காரர் பெயரோடு ஒரு ஒலிப்பதிவு: ஒன்பது மாத வேலைக் குறிப்பு

சென்ற ஆவணியில் பாளையங்கோட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து மேளம் வந்திருந்தது. நாயனம் என்கிற நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று என்று ஐந்து பேர். முதல் நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு முடிந்து கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகு, மூத்த நாயனக்காரர் யாரும் கேட்காமலே ஹேமவதி ராகத்தை எடுத்து, நெல்லைக் காந்திமதி அம்மன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் செய்த 'ஸ்ரீ காந்திமதீம்' கீர்த்தனையை நிதானமாக வாசித்தார். பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். நானும் சாப்பிடப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. அந்த ஹேமவதி அதில் இருக்குமென்று ஆவலோடு போட்டுப் பார்த்தேன். நாயனக்காரரின் கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் துளைகளின் மேல் ஓடின, தவில்காரர் தலையை அசைத்துச் சிரித்தார். ஆனால் கேட்டது ஒரு சினிமாப் பாட்டு. இரண்டு நாள் வாசிப்பில் தாலி கட்டும்போது அடித்த கெட்டி மேளம் மட்டும் பத்து விநாடி மிஞ்சியிருந்தது. மறு வாரம் அவர் ஊருக்கே போய், அவருடைய வாசிப்பின் பதிவு வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாக வாசிப்பவர் அவர். "கல்யாண வீட்டு கேசட்டுல, சிடியில எல்லாம் எங்க உருவம் இருக்கும் தம்பி, எங்க சத்தம் இருக்காது" என்றார். அன்றைக்குத்தான் இந்த வேலையைத் தொடங்குவதென்று முடிவு செய்தேன். அவருடைய வாசிப்பை நல்ல முறையில் பதிவு செய்து, ஐந்து பேர் பெயரோடும் இணையத்தில் ஏற்றி, அதன் வழியாக அவர்களுக்கு வேலையும் வருமானமும் வரச் செய்ய வேண்டும் என்பதே திட்டம். நான் தொழிலால் கணக்கு எழுதுபவன். ஒலிப்பதிவு பல ஆண்டுகளாகப் பழகிய கைவேலை. அதனால் முதலில் இது எளிதாக முடியும் என்று நம்பினேன்.

முதல் முயற்சி கைப்பேசியில். நல்ல விலைக்கு வாங்கிய கைப்பேசிதான், படமும் தெளிவாக வந்தது. ஒலிதான் கெட்டது. கைப்பேசியின் மைக் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. சத்தம் கூடினால் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் குறைந்தால் தானாகவே ஏற்றிக்கொள்ளும். தவிலில் ஒரு அடி விழுந்தவுடன் அது மொத்த ஒலியையும் அமுக்கிவிட, அடுத்த அரை விநாடிக்கு நாயனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பிறகு மெல்ல மேலே வருகிறது. அதற்குள் அடுத்த அடி. இணையத்தில் கிடைக்கும் மேள வீடியோக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கேட்கின்றன. நாயனம் என்றால் காது வலிக்கும் சத்தம் என்று இளைஞர்கள் நினைப்பதற்குக் கருவி காரணமில்லை, பதிவுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அளவைக் கையால் வைத்துப் பூட்டக்கூடிய கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அடுத்து வாங்கினேன். இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தெரிந்த ஒருவரின் ஒலிப்பதிவுக் கூடத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். ஏசி ஓடும் அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நாயனத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

நாயனத்துக்கு உயிர் சீவாளியில் இருக்கிறது. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்த இரட்டை நாக்கு அது. அண்ணாச்சியின் (மூத்த நாயனக்காரரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) நாயனத்தில் ஏழெட்டுச் சீவாளிகள் நூலில் கோத்துத் தொங்குகின்றன. ஒன்றை எடுத்து வாயில் வைத்து எச்சிலில் நனைப்பார்; பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் வாயை மெதுவாக அழுத்துவார்; கருவியில் பொருத்தாமல் தனியாக ஊதிப் பார்ப்பார்; ஒரு கீச்சொலி வரும்; காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பிடிக்காவிட்டால் தொங்கவிட்டு அடுத்ததை எடுப்பார். மூன்றாவதோ நான்காவதோ மனசுக்கு ஒத்து வரும். அதை நாயனத்தின் மேல் நுனியில் உள்ள கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் சொருகி, அடிப்படைச் சுரமான ஷட்ஜத்தைப் பிடித்தால் சுருதிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூடத்தில் அப்படி ஒட்டிய சுருதி இருபது நிமிடத்தில் கீழே நழுவியது. ஏசிக் காற்று சீவாளியின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. அதோடு, ஊதும் கருவிக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி தானாகவே இறங்கும். மின்னணுச் சுருதிப் பெட்டி குளிருக்கு அசையாமல் அங்கேயே நின்றது. அவர் சீவாளியை மாற்றினார், வாயால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் மாற்றினார். ஏசியை நிறுத்தினால் பஞ்சு மெத்தை அறையில் மூச்சு முட்டியது. மதியத்துக்குள் மூட்டை கட்டிவிட்டோம். வாடகை போனதைவிட, அத்தனை பெரிய வித்துவான் ஒரு கண்ணாடி அறைக்குள் வியர்த்துக்கொண்டு, தன் மேல்தான் தவறு என்பதுபோல் உட்கார்ந்திருந்ததே எனக்கு உறுத்தியது.

அடுத்து குறுக்குத்துறைப் படித்துறை. தாமிரபரணியில் தண்ணீர் நிதானமாகப் போன ஒரு காலை. வாசிப்பு அற்புதமாக அமைந்தது; ஆனால் ஆற்றுக் காற்று மைக்கில் மோதி, மயிர்போன்ற காற்றுத் தடுப்பு உறை போட்டிருந்தும், முழுப் பதிவிலும் உறுமல் ஏறியிருந்தது. என் வீட்டு மாடி அறையோ சிறியது, தரையெல்லாம் வழுவழுப்பான டைல்ஸ். சுவரில் மோதித் திரும்பும் ஒலி ஒவ்வொரு சுரத்தின் மேலும் படிந்தது. கடைசியில் விடை அவருடைய வீட்டிலேயே இருந்தது. பழைய ஓட்டு வீட்டின் தார்சா. ஒரு பக்கம் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும், தரை சிமெண்டு, மேலே ஓடும் மரச்சட்டமும். ஓட்டுக் கூரை ஒலியைத் திருப்பி அடிப்பதில்லை, சிதறடித்துவிடுகிறது. காற்று உள்ளே பாய்வதில்லை. பின்னால் ஒரு நெல் மூட்டை அடுக்கு இருந்தது, அதையும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது சுவரின் எதிரொலியை வாங்கிக்கொண்டது.

மைக் வைக்கும் இடத்துக்கு இரண்டு நாள் செலவழித்தோம். நாயனத்தின் ஒலி அதன் கீழ் நுனியில் விரிந்திருக்கும் அணசு வழியாகத்தான் வெளியே வருகிறது என்று எண்ணி அதற்கு நேரே மைக்கை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். விரல் வைக்கும் ஏழு துளைகள், அவற்றுக்குக் கீழே மெழுகு வைத்துச் சுருதியைச் சரிசெய்யும் ஐந்து துளைகள் என்று கருவி நெடுகிலும் ஒலி கசிகிறது. மேல் ஸ்தாயியில் வாசிக்கும்போது பெரும்பகுதி மேலே திறந்திருக்கும் துளைகள் வழியாகவே வருகிறது. அணசுக்கு நேரே வைத்த பதிவில் கீழ்ச் சுரங்களின் மந்திர ஸ்தாயி இடித்தது, மேல் சுரங்களின் தார ஸ்தாயி மெலிந்தது. மைக்கை ஒன்பது அடி தள்ளி, மார்பு உயரத்தில், நேர் எதிரில் இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து, கருவியின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி வைத்தபோதுதான் எல்லா சுரமும் ஒரே கனத்தில் வந்தன.

தவிலுக்கு வேறு சிக்கல். அதன் வலப்பக்கமான வலந்தலையில் கூடு என்ற விரலுறை மாட்டிய விரல்கள் விழும்போது எழும் ஒலி மிகக் கூர்மையானது. இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் ஒலி அடர்த்தியானது. மைக்குக்கு வலந்தலை நேராக இருந்தால் நாயனம் பின்னால் போய்விடும். தவில்காரர்களைப் பத்தடி பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். மூத்த தவில்காரர் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, வாசித்துவிட்டு நிறுத்தினார். அண்ணாச்சியின் முகமும் விரலும் தெரியாமல் வாசிக்க முடியாது என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மேளத்தில் யாரும் தாளக் கணக்கை மட்டும் வைத்து வாசிப்பதில்லை, முன்னால் இருப்பவர் மூச்சு எடுப்பதைப் பார்த்து வாசிக்கிறார்கள். கடைசியில் அரைவட்டமாக உட்கார்ந்து, தவில்கள் சற்றே திரும்பி, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி அமைந்தது. இரண்டாவது மைக்கைத் தொப்பிப் பக்கம் ஐந்தடி தள்ளி வைத்தேன்.

அளவு வைப்பதற்கு நான் கண்ட வழி ஒன்றைச் சொல்கிறேன், இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். முதலில் ராகத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். கெட்டி மேளம் அடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வரக்கூடிய மிகப் பெரிய சத்தம் அதுதான். அது உச்சக் கோட்டுக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்துப் பூட்டிவிட்டுப் பிறகு ஒலிப்பதிவுக் கருவியைத் தொடவே கூடாது. 24 பிட்டில் பதிந்தால் ஆலாபனையின் மெல்லிய இடங்களும் கெடாமல் கிடைக்கும்.

அந்தத் தார்சாவில் மூன்று மணி நேரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி, ஹேமவதி ஆலாபனை இருபத்திரண்டு நிமிடம், அதைத் தொடர்ந்து கீர்த்தனை, கடைசியாகப் பள்ளியறைக்கு வாசிக்கும் நீலாம்பரி ஆகியவை பதிவாயின. இணையத்தில் நீண்ட ஆலாபனையை யார் கேட்பார்கள், மூன்று நிமிடத்துக்கு வெட்டிப் போடுங்கள் என்று பலர் அறிவுரை சொன்னார்கள். நான் இரண்டையும் செய்தேன். மூன்று நிமிடம் என்பது இந்த இசைக்குப் புதிய அளவு இல்லை. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும், அதற்குள்ளேயே நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தைக் காட்டியிருக்கிறார். ஆகவே வெட்டுவதை நான் செய்யாமல், மூன்று நிமிடத்துக்கு ஒரு ஹேமவதியைத் தனியாக வாசித்துத் தரும்படி அண்ணாச்சியையே கேட்டேன். அது வெட்டின துண்டாக இல்லை, முழுமையாக இருந்தது. முழு ஆலாபனையையும் தனியாக ஏற்றினோம்.

பதிவைத் திருத்தும் வேலை குறைவுதான். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த உறுமலை நீக்கினேன். செயற்கை எதிரொலி எதுவும் சேர்க்கவில்லை.

பெயர் எழுதும் இடத்தில் நான் செய்த பிழை மட்டும் இன்றுவரை மனதில் இருக்கிறது. முதல் காணொளியில் மூத்த நாயனக்காரர் பெயரையும் மூத்த தவில்காரர் பெயரையும் மட்டும் திரையில் எழுதி, "குழுவினர்" என்று முடித்துவிட்டேன். அழைப்பிதழ்களிலும் கோயில் நோட்டீஸ்களிலும் பார்த்துப் பழகிய வழக்கம் அது. இரண்டு நாள் கழித்து இரண்டாவது தவில்காரரின் வீட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அவர் மனைவி பேசினார். தாளம் போட்ட பத்தொன்பது வயதுப் பையன் அவர்களுடைய மகன். "எங்க வீட்டுப் பையன் அன்னைக்கு வரலையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மேளத்தின் சத்தத்தை மறைத்த வீடியோக்காரரைக் குறை சொல்லித் தொடங்கிய நான், மூன்று பேர் பெயரை மறைத்திருந்தேன். படத்தின் மேல் பதிந்த எழுத்தை ஏற்றிய பிறகு மாற்ற முடியாது. ஆகவே அந்தக் காணொளியை எடுத்துவிட்டு, ஐந்து பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போட்டு மறுபடியும் ஏற்றினேன். அதுவரை சேர்ந்திருந்த பார்வைக் கணக்கு போயிற்று, போகட்டும்.

நம் சட்டமே இதைச் சொல்கிறது என்று பிறகு படித்தேன். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்த திருத்தத்தின்படி, நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சியைத் தன்னுடையதென்று பெயரோடு குறிக்கச் செய்யும் உரிமை உண்டு. தாளம் போடுபவரும் நிகழ்த்துபவர்தான்.

இப்போது ஒவ்வொரு பதிவின் கீழும் ஐவர் பெயர், அவரவர் ஊர், குருவின் பெயர், கருவி, சுருதி, ராகம், தாளம், பதிவு செய்த இடம், நாள் எல்லாம் எழுதுகிறோம். கருவியின் பெயரை நாதஸ்வரம், நாதசுரம், நாகஸ்வரம், நாகசுரம், நாயனம் என்று ஐந்து விதமாக எழுதுகிறார்கள். தேடுபவர் எந்தச் சொல்லைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது என்பதால் ஐந்தையும் எழுதுகிறோம். கல்யாணத்துக்கு ஆள் தேடுபவர்கள் இந்த ஐந்தையும் விட்டுவிட்டு "கல்யாண மேளம்" என்றுதான் தேடுகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது, அதையும் சேர்த்தோம்.

இந்த இடத்தில் காருகுறிச்சியாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாயன மேதை காருகுறிச்சி அருணாசலம் 1921 இல் பிறந்து 1964 இல் மறைந்தவர். நாற்பத்துச் சொச்சம் ஆண்டு வாழ்க்கை. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962 இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரி ராகப் பாட்டுதான் இன்றும் பலருக்கு அவரை அறிமுகப்படுத்துகிறது. அவருடைய ஊரைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு வாரமும் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன். அவருடைய இசைத்தட்டுகள் இருந்ததால் அவர் நமக்கு இருக்கிறார். அதே காலத்தில், அதே ஆற்றுப் பாசனத்தில், இசைத்தட்டு வாய்க்காமல் போன எத்தனையோ பேரைப் பற்றி அவர்கள் பேரன்மார் சொல்லித்தான் கேட்க முடிகிறது.

வேறு நாடுகளில் இப்படி ஒதுக்கப்பட்ட கலைஞர்களுக்காக மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடியபோது, அமெரிக்காவின் புளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பின இசையமைப்பாளரைப் பற்றிப் படித்தேன். அவருடைய முதல் சிம்பொனியை 1933 இல் சிகாகோ சிம்பொனி இசைக்குழு வாசித்தது. அந்த நாட்டின் பெரிய இசைக்குழு ஒன்று கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை. அப்படிப்பட்டவர், தான் பெண் என்பதும் தன் இனமும் தனக்கு இரண்டு தடைகள் என்று 1943 இல் ஒரு புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1953 இல் அவர் இறந்தார். இல்லினாய் மாநிலத்தில் ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் 2009 இல் அவருடைய கையெழுத்துப் படிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. இரண்டு வயலின் கான்செர்ட்டோக்கள் அவற்றில் இருந்தன. இலண்டனில் சி-சி நுவனோக்கு என்ற டபுள் பேஸ் கலைஞர் 2015 இல் சினெக்கே என்ற இசைக்குழுவைத் தொடங்கி, கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மை இனத்தவருமான கலைஞர்களை ஒரே மேடையில் உட்கார வைத்தார். அங்கே நிறம் செய்த வேலையை இங்கே சாதியும், தெருவில் முன்னால் நடப்பவர் மேடையில் உட்காரக் கூடாது என்ற பழக்கமும் செய்தன. நாயனக்காரர்கள் சபை மேடைக்கு வெளியிலேயே பெரும்பாலும் நிறுத்தப்பட்டார்கள். ஷேக் சின்ன மௌலானா போன்ற நாயன மேதைக்கே சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1998 இல்தான், அவருடைய எழுபதுகளில்தான், கிடைத்தது. இன்றும் கல்யாண வீட்டில் அறுபது வயது வித்துவானை "ஏ நாயனம்" என்று கூப்பிடுபவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பதிவு ஏறி இரண்டு வாரத்தில் ஒரு தொல்லை வந்தது. ஹேமவதி ஆலாபனையும் கீர்த்தனையும் வேறொருவருக்குச் சொந்தமான பதிவோடு பொருந்துகின்றன என்று காணொளித் தளத்தின் தானியங்கி முறை அறிவித்தது. அந்த ஒலிப்பதிவு வேறு, வாசித்தவர் வேறு. ஆனால் ஒரே கீர்த்தனையை, ஒரே சுருதியில், ஒரே கருவியில் வாசித்தால் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடுகின்றன போலும். தீட்சிதர் 1835 இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய கீர்த்தனை யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அண்ணாச்சியின் பேத்தி அந்த அறிவிப்பைக் கைப்பேசியில் படித்துக் காட்டியிருக்கிறாள். "நான் வாசிச்சத நானே களவாண்டேன்னு போட்டிருக்கானா?" என்று என்னிடம் கேட்டார். மறுப்பு எழுதினேன். கருவியில் பதிவான மூலக் கோப்பு, இடையில் அவர்கள் பேசுவதும் காபி குடிப்பதும் உள்ள மூன்று மணி நேர முழுப் பதிவு, தார்சாவில் எடுத்த படங்கள், ஐந்து பேரும் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் எல்லாம் கையில் இருந்ததால் தயங்காமல் எழுத முடிந்தது. பத்தொன்பதாவது நாள் உரிமைக் கோரிக்கை விலகியது. மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஒப்புதல் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுகளை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்க்கலாம், உலகத்துக்கே நிரந்தரமாகக் கிடைக்கும் என்று எனக்கு ஆசை இருந்தது. அங்கே சேர்த்தால் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக்கூட. பிறகு திரும்பப் பெற முடியாது. இதை ஐவரிடமும் விளக்கினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்று நிமிடப் பதிவை மட்டும் அப்படிக் கொடுக்கலாம், மற்றவை வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னபடியே செய்தேன். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லும் உரிமை மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு இல்லை.

பணம் வரும் வழியை அவர்களுடைய கணக்கோடு நேரே இணைத்தோம். ஒவ்வொரு பதிவின் கீழும் அண்ணாச்சியின் வங்கிக் கணக்கில் சேரும் யுபிஐ குறியீடு இருக்கிறது. என் கணக்கு வழியாக ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. ஐவருக்கும் பங்கு வழக்கமான கச்சேரிப் பங்குப்படி. காணொளியைப் பார்த்து வந்த முதல் விசாரிப்பு தூத்துக்குடியிலிருந்து. அடுத்தது பெங்களூரில் இருக்கும் ஒரு நெல்லைக் குடும்பம். அதுவரை அச்சாரமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து வாய்ப்பேச்சில் முடிந்த விஷயத்துக்கு ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், பயணச் செலவு யாருடையது, சாப்பாடு பந்தியில்தான் என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசியில் ஒரு வரி: கல்யாண வீடியோவில் மேளத்தின் ஒலியைப் பத்து நிமிடமாவது அப்படியே விட்டு, ஐவர் பெயரையும் போட வேண்டும். இதுவரை மூன்று வீடுகள் அந்தத் தாளில் கையெழுத்திட்டன. ஒரு வீடு அந்த வரியை நிறைவேற்றியது. அந்த வீடியோவை அண்ணாச்சி வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

முகூர்த்தம் இல்லாத மாதங்கள்தான் இவர்களுக்குக் கடினம். ஆடியில் கோயில் கொடைகள் கைகொடுக்கும். மார்கழியில் விடியற்கால வாசிப்பு தவிர ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில் இணைய வகுப்பு நடத்திப் பார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து ஒரு பையன். முதல் வகுப்பில் இவர் ஷட்ஜத்தை நீளமாகப் பிடித்தால், இரண்டு விநாடியில் அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. காணொளி அழைப்புச் செயலிகள் பேச்சைத் தவிர மற்றதை இரைச்சல் என்று கருதி வடிகட்டிவிடுகின்றன. விடாமல் ஒலிக்கும் சுருதி அவற்றுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்து, மூல ஒலியை அனுப்பும் வசதியை இரு பக்கமும் இயக்கிய பிறகுதான் பாடம் நடந்தது. இன்னொரு குறையும் உண்டு: ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் குருவும் சீடனும் சேர்ந்து வாசிக்க முடியாது. இவர் ஒரு வரி வாசிப்பார், அவன் திருப்பி வாசிப்பான். அது நம்முடைய பழைய பாட முறைதான் என்பதால் அண்ணாச்சிக்கு அதில் சிரமம் இல்லை. அவன் சீவாளியை நனைக்கும் விதத்தைக் காமிராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொல்லித் திருத்துகிறார். வாரம் இரண்டு வகுப்பு இப்போதும் நடக்கிறது.

சென்ற வாரம், வைகாசிக் கடைசி முகூர்த்தம் முடிந்து போயிருந்தபோது, மூத்த தவில்காரர் ஒரு கேசட்டைக் கொண்டு வந்தார். அவருடைய அப்பா பரணில் வைத்திருந்ததாம். அட்டையில் நீல மசியில் "ஆனித் திருவிழா, 3ஆம் நாள், ராத்திரி" என்று இருந்தது. யார் வாசித்தது என்று எழுதவில்லை. நாடா ஒட்டியிருந்தது, அழுத்தும் பஞ்சு உதிர்ந்திருந்தது. வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றி, கேசட் பிளேயரின் தலைப்பகுதியை ஆல்கஹாலில் துடைத்து, மெதுவாக ஒரு முறை முழுவதும் சுற்றிவிட்டுப் பிறகு ஓட விட்டேன். கூட்டத்தின் இரைச்சல், வேட்டு, தூரத்தில் ஒரு மல்லாரி. அண்ணாச்சி நாயனத்தைக் கேட்டுத் தெரியவில்லை என்று தலையாட்டினார். தவில்காரர் மட்டும் இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்தார். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் தவிலின் ஒரு தீர்மானம், அதாவது முத்தாய்ப்பு, வந்தது. "இது யார் கைன்னு எனக்குத் தெரியும்" என்று பேனாவைக் கேட்டார். அட்டையில் ஒரு பெயரை எழுதினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதன் கீழே இரண்டாவது தவிலின் பெயரையும் எழுதினார். நாயனத்துக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார். களக்காட்டில் ஒரு பெரியவரைக் கேட்டால் தெரியும் என்கிறார். கேசட்டின் மறுபக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்கிறோம்.